பின்விளக்கிலிருந்து ஒரு ஒயர்

மிலோய்கா ருதார் எந்த மோட்டார் சைக்கிளையும் எடுத்த எடுப்பில் தொடுவதில்லை. இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு வண்டியை ஒருமுறை சுற்றி வருவார். சீட்டைத் தூக்கச் சொல்லி பேட்டரியின் இரு முனைகளையும் குனிந்து பார்ப்பார். அப்புறம் வண்டிக்காரரைப் பார்ப்பார், வண்டியைப் பார்த்ததைவிடக் கூடுதல் நேரம்.

"இதுல கடைசியா யாரு கை வெச்சது?"

வண்டிகளுக்கு ஒயர் வேலை பார்க்கும் அந்த அம்மாவின் கடையில் வணக்கம் என்பதற்குப் பதில் இதுதான்.

என் வண்டியை முதன்முதலில் அங்கே தள்ளிக்கொண்டு போனபோது எனக்கு அந்தக் கேள்விக்குப் பதில் தெரியவில்லை. எல்லைக்கு அந்தப் பக்கம், இத்தாலியில், வேறொருவர் ஓட்டிய வண்டியை வாங்கியிருந்தேன்.

"முன்னாடி வெச்சிருந்தவரா இருக்கும்ங்க."

"அவரு பேரு?"

"மறந்துபோச்சு."

"வண்டி வித்தவன் பேரு மறந்துபோகுமா?"

குடியிருப்பு அட்டை, வண்டிப் பத்திரம், காப்பீட்டுத் தாள் மூன்றையும் எடுத்து அவர் மேசைமேல் வைத்தேன். யார் எதைக் கேட்டாலும் இருக்கிற காகிதங்களை எல்லாம் நீட்டிவிடுவது, பிறந்த ஊரை விட்டுப் பதினான்கு வருடம் வெளியே இருந்த கைக்குத் தானாக வந்துவிட்ட பழக்கம். அது அவரை மேலும் உஷார்ப்படுத்தியது.

"நான் கேக்காத காயிதத்தை எதுக்குக் காட்டுறே?"

நான் வேலை பார்ப்பது சோச்சா ஆற்றங்கரையில், தொல்மின் ஊருக்கு மேலே இருக்கும் பால் நிலையத்தின் ஆய்வகத்தில். பாலில் தண்ணீர் கலந்திருக்கிறதா என்று பார்ப்பது என் வேலை. அதைச் சொன்ன பிறகுதான் அவர் முகம் கொஞ்சம் இளகியது. அன்றிலிருந்து அவருக்கு நான் பால்காரன்.

அவருடைய சந்தேகம் வெறும் குணம் இல்லை, தொழிலில் வந்தது. பள்ளிக்கூடம் முடித்த கையோடு ரிலே செய்யும் தொழிற்சாலையில் சேர்ந்தார். ரிலே என்பது கட்டைவிரல் அளவுப் பெட்டி. மெல்லிய ஒயரில் மின்சாரம் வந்தால் உள்ளே ஒரு நாக்கு 'டிக்' என்று ஒட்டிக்கொண்டு, தடித்த ஒயருக்கு வழிவிடும். மெல்லியது நின்றால் நாக்கு விலகும். அவ்வளவுதான். ஆறு வருடம் அவர் அதன் கால்களுக்கு ஈயம் பற்றவைத்தார். யுகோஸ்லாவியா உடைவதற்கு முந்தைய வருடம், தெற்கே இருந்த ஒரு கார் ஆலையிலிருந்து நானூறு ரிலே திரும்பி வந்தது. நான்கு பெண்கள் உட்காரும் மேசை. மேலாளர் மிலோய்காவைக் கைகாட்டினார்.

"என்னுது இல்லன்னு எனக்குத் தெரியும். ஆனா பத்த வெச்ச ஈயம் எல்லாம் ஒரே மாதிரிதானே இருக்கு. எதைக் காட்டிச் சொல்றது?" என்று ஒருமுறை என்னிடம் சொன்னார்.

மறுநாள் காலையிலேயே வீட்டிலிருந்து நெயில் பாலிஷ் புட்டியைக் கொண்டுபோய், தான் பற்றவைத்த ஒவ்வொரு இடத்திலும் ஒரு பொட்டு வைத்திருக்கிறார். இரண்டு மாதத்தில் ஆலையை மூடிவிட்டார்கள். புட்டி மட்டும் அவர் கூடவே வந்தது. அதற்குப் பிறகு அவர் பூட்டிய எந்தத் திருகாணியிலும், எந்த இணைப்பிலும் ஒரு துளி காய்ந்திருக்கும். வேறு யாராவது திறந்தால் அது உடையும், உடைந்தால் தெரியும். நிறத்தை ஒவ்வொரு குளிர்காலமும் மாற்றுவார். தன் நகத்தில் அவர் ஒருநாளும் பூசிக்கொண்டதில்லை. கணவர் எகோன் லாரி ஓட்டினார். அவர் வீடு திரும்பும் நேரத்தை மிலோய்கா பதினோரு வருடம் சந்தேகப்பட்டார். பன்னிரண்டாவது வருடம் எகோன், இவ்வளவு சந்தேகத்தை வீணாக்கக் கூடாது என்று சொல்லிவிட்டு எல்லை தாண்டி, கொரீட்சியாவில் ஒரு பூக்கடைக்காரியோடு குடியேறிவிட்டார். இப்படித்தான் பள்ளத்தாக்கில் சொல்கிறார்கள். மிலோய்கா அதை மறுத்து நான் கேட்டதில்லை.

மோட்டார் சைக்கிளில் ஜி.பி.எஸ். பெட்டி மாட்டும் வேலை அவருக்கு வெளியூர்க்காரர்களால் வந்தது. கணவாய் ஏற வருகிறவர்களுக்கு நடுவழியில் பெட்டி அணைந்துபோகும். இவர் கடைக்கு வருவார்கள். சிலர் பேட்டரியிலேயே நேராக ஒயரை மாட்டியிருப்பார்கள். அது கூடவே கூடாது என்பார். வண்டி நிற்கும்போதும் பெட்டி குடித்துக்கொண்டே இருக்கும், காலையில் பேட்டரி செத்திருக்கும். அவர் முறை வேறு. பேட்டரியிலிருந்து ஃபியூஸ் வழியாகத் தடித்த ஒயர். நடுவே ஒரு ரிலே. அந்த ரிலேயைத் தட்டி எழுப்ப, பின்விளக்குக்குப் போகும் ஒயரிலிருந்து ஒரு மெல்லிய கிளை.

"பின்விளக்கு எரிஞ்சா வண்டி ஓடுதுன்னு அர்த்தம். வண்டி ஓடுனா பெட்டிக்குச் சாப்பாடு. வண்டி நின்னா பெட்டியும் பட்டினி. யாரும் ஞாபகம் வெச்சுக்க வேண்டியதில்ல. மனுஷன் ஞாபகத்தை நம்பி நான் ஒயர் போடுறதில்ல" என்பார்.

பதினோரு வருடத்தில் ஒரு புகார் கிடையாது.

ஊர் மோட்டார் சைக்கிள் கழகத்துக்காரர்கள் அந்தப் பெட்டியை நெடுங்காலம் சீந்தவில்லை. என் சித்தி வீட்டுக்கு வழி சொல்ல எனக்குப் பெட்டி வேணுமா என்பார் கழகத் தலைவர் ஸோர்கோ. மர அறுவை ஆலை வைத்திருப்பவர், மிலோய்காவோடு ஒரே வகுப்பில் படித்தவர். போன குளிர்காலத்தில் எல்லோரும் மான்டிநீக்ரோவுக்குப் போவதென்று முடிவாகி, ஒரே மாதிரிப் பெட்டி ஒன்பது வாங்கினார்கள். ஒன்பதாவது என்னுடையது. மார்ச் மாதம் முழுக்க மிலோய்கா ஒன்பது வண்டிகளுக்கும் ஒயர் இழுத்தார். அந்த வருடப் பூச்சு ஊதா.

மே மாத முதல் ஞாயிறு ஊர் கிறிஸ்தவக் கோவிலில் வண்டி மந்திரிப்பார்கள். சுற்று வட்டாரத்து மோட்டார் சைக்கிள்கள் எல்லாம் மதிலோரம் வரிசையாக நிற்கும். பாதிரியார் பொனிஃபாஸ் சாமி தீர்த்தம் தெளித்துக்கொண்டே வருவார். அப்போது ஓட்டுகிறவர்கள் சாவியை உருவிக் கையில் உயர்த்திப் பிடிக்க வேண்டும். சாவிக்கும் ஒரு துளி. பின்விளக்கு மட்டும் அணையக் கூடாது. அது கணவாய்ச் சாலையில் செத்துப்போனவர்களுக்கு. இங்கே எல்லோரும் வைத்திருப்பது பழைய வண்டி. சாவியை இடப்பக்கம் கடைசிவரை திருப்பினால் இஞ்சின் அணைந்து, சாவி கையோடு வந்துவிடும், பின்விளக்கு மட்டும் எரியும். இருட்டில் சாலையோரம் நிறுத்துவதற்காக வைத்த வசதி. பூசை, அதன் பிறகு மதிலுக்கு வெளியே சாப்பாடு எல்லாம் முடிந்து புறப்படும்வரை அந்தச் சிவப்பு எரிந்துகொண்டிருக்கும். அந்தச் சாலையில் செத்துப்போன ஸோர்கோவின் தம்பி தாரியுவுக்கும் அதில் ஒரு பங்கு உண்டு.

நான் கிறிஸ்தவன் இல்லை. சாவியைத் தூக்கினால் நடிக்கிறான் என்பார்களோ, தூக்காவிட்டால் மதிக்கவில்லை என்பார்களோ என்று ஒரு வாரமாக யோசித்து, சாவியைத் தூக்குவது, விளக்கை மட்டும் போடாமல் விடுவது என்று முடிவு செய்தேன். அவர்களுடைய செத்தவர்களுக்கு நான் விளக்குப் போட யார்? வரிசையின் கோடியில், வண்டியின் பின்பக்கம் மதிலைப் பார்க்க நிறுத்தினேன். விளக்கு போட்டாச்சா என்று ஸோர்கோ தூரத்திலிருந்து சைகை காட்டினார். தலையாட்டிவிட்டேன்.

அன்று தூறல். எல்லோரும் பெட்டிமேல் பிளாஸ்டிக் பையைக் கவிழ்த்துக் கட்டிவிட்டு உள்ளே போனார்கள். பூசை, பீன்ஸ் கஞ்சி, சுட்ட இறைச்சி, மூன்றாவது சுற்றுப் பீர் என்று மணி மூன்றாகிவிட்டது. ஸோர்கோ சாவியைப் போட்டு ஸ்டார்ட்டரை அழுத்தினார். வண்டி கனைத்ததோடு சரி. அடுத்த வண்டியும் அப்படியே. எட்டு வண்டிகள். பழைய பேட்டரி, போன வருடம் மாற்றிய பேட்டரி என்று வித்தியாசமே இல்லை. ஸோர்கோ பையை உருவினார். பெட்டி சுடச்சுட, திரையில் மான்டிநீக்ரோ சாலை பளிச்சென்று தெரிந்தது.

"பெட்டி உசுரோட இருக்கு, வண்டி செத்துப்போச்சு. சபாஷ்டி மிலோய்கா" என்றார்.

என் வண்டி முதல் அழுத்தலிலேயே கிளம்பியது. அத்தனை பேரும் திரும்பிப் பார்த்தார்கள். நான் இஞ்சினை அணைத்துவிட்டு, மற்றவர்கள் வண்டியைச் சரிவில் தள்ளப் போனேன்.

திங்கட்கிழமை கழகம் விடுதியில் கூடியது. கடைசி வண்டிவரை மிலோய்காவின் ஒயரைப் பிடுங்கிவிட்டு சில்வனிடம் கொடுப்பது என்று பேச்சு. சில்வன் அடுத்த ஊரில் புதிதாகப் பட்டறை போட்டவன், நாற்பது வயதுக்காரன். மிலோய்கா கதவைத் திறந்துகொண்டு வந்து நின்றார்.

"என் ரிலேயைத் தாண்டிப் பெட்டிக்குக் கரண்டு போகாது. போயிருக்குன்னா யாரோ தாண்ட வெச்சிருக்காங்க. பூசை நேரம் பூரா வண்டிக்குப் பக்கத்துல இருந்தது யாரு? அடுப்போட நின்னது யாரு?"

அடுப்போடு நின்றது சில்வன்.

"அத்தை, நாலு மணி நேரம் இறைச்சி திருப்பிக்கிட்டு இருந்தேன். கை பூரா கொழுப்பு. ஏதாவது ஒரு சீட்டுல என் விரல் ரேகை இருந்தா காட்டுங்க, நக்கித் தொடைக்கிறேன்" என்றான் சில்வன்.

"கை கழுவ உனக்குத் தண்ணியா இல்ல?"

"பொனிஃபாஸ் சாமிகூடத்தான் அங்க சுத்தினாரு. அவரு கையில தண்ணியே இருந்துச்சு."

யாரும் சிரிக்கவில்லை. ஸோர்கோ மேசையைத் தட்டினார். "வெள்ளிக்கிழமை வரைக்கும் டைம். சில்வன்தான்னு காட்டு, அவன்கிட்ட பேசிக்கிறோம். காட்ட முடியலன்னா எங்க வண்டியில இனிமே நீ கை வைக்க வேண்டாம், மிலோய்கா. ஒரு மனுஷன்மேல பழி போட்டுட்டே."

மிலோய்கா ஸோர்கோவின் வண்டியைத் தன் கடைக்குத் தள்ளிக்கொண்டு போனார். பள்ளத்தாக்கில் கழகம் கைவிட்டால் வேறு யாரும் வரமாட்டார்கள் என்று அவருக்குத் தெரியும். அதைவிட, அந்த நானூறு ரிலே மறுபடியும் திரும்பி வந்துவிட்டது போல அவர் நடந்துகொண்டார்.

செவ்வாய்க்கிழமை புது பேட்டரி மாட்டிப் பார்த்தார். சாவியைப் போட்டால் பெட்டி எரிந்தது, அணைத்தால் அணைந்தது. ஐம்பது தடவை. பிறகு கடிகாரக்காரர்கள் கண்ணில் இடுக்கும் கண்ணாடியை வைத்து ஊதாப் பொட்டுகளைப் பார்த்தார். ஒரு பொட்டுக்கூட உடையவில்லை. மற்ற ஏழு வண்டிகளையும் ஒவ்வொரு வீடாகப் போய்ப் பார்த்தார். எதுவும் உடையவில்லை. வேறு யாராக இருந்தாலும் அங்கேயே யோசித்திருப்பார்கள். மிலோய்கா, யாரோ அதே ஊதாவை வாங்கி மறுபடி வைத்திருக்கிறார்கள் என்ற முடிவுக்கு வந்தார். புதன்கிழமை அலங்காரப் பொருள் கடைக்குப் போய் அந்த ஊதா யார் யார் வாங்கியது என்று விசாரித்தார். இந்த வருடம் இரண்டே பேர்: ஒன்று அவர், இன்னொன்று கோவிலைக் கவனித்துக்கொள்ளும் கோவில்பிள்ளையின் மனைவி. அன்று முழுக்க அவர் கோவில்பிள்ளையின் மனைவியைச் சந்தேகப்பட்டார்.

வியாழக்கிழமை மிலோய்கா எனக்கு ஆள் அனுப்பினார். வேலை முடிந்து என் வண்டியிலேயே போனேன். அவர் காப்பி கொடுக்கவில்லை. அந்த ஊரில் காப்பி கொடுக்காமல் உட்காரச் சொன்னால் அது விசாரணை என்று எனக்குத் தெரியும்.

"பால்காரா. ஒன்பது வண்டிக்கும் ஒரே ஒயர், ஒரே ரிலே, ஒரே கை. எட்டு செத்துப்போச்சு, உன்னுது பொழைச்சுது. ஏன்?"

"தெரியலைங்க."

"பூசையில நீ எந்திரிச்சு வெளிய போனே. பாத்தேன்."

"இருமல் வந்துச்சு."

"எவ்வளவு நேரம்?"

"அஞ்சு நிமிஷம்."

"எட்டு வண்டிக்கு அஞ்சு நிமிஷம் பத்தாது," என்று அவர் தனக்குள் கணக்குப் போட்டார். எனக்கு வியர்த்தது. தப்புச் செய்யாதவனுக்கும் இப்படித்தான் வியர்க்கும் என்று அவரிடம் எப்படிச் சொல்வது? பைக்குள் இருந்த குடியிருப்பு அட்டையைக் கை தானாகத் தொட்டுப் பார்த்தது.

"பையில என்ன?"

"ஒண்ணுமில்லைங்க."

"பால்ல தண்ணி கலந்தா நீ கண்டுபிடிப்பே இல்ல? எனக்கும் அந்த மாதிரி ஒரு மூக்கு இருக்கு. நீ எதையோ மறைக்கிறே. சொல்லிடு."

சொல்லிவிட்டேன். செத்தவர்களுக்கான விளக்கை நான் போடவில்லை, சாவியை முழுதாக அணைத்துவிட்டு எடுத்துக்கொண்டேன், ஸோர்கோவிடம் தலையாட்டியது பொய், தாரியு அவருடைய தம்பி என்பதால் அவருக்குத் தெரிந்தால் என்ன ஆகுமோ என்று இருக்கிறது, தயவுசெய்து அவரிடம் சொல்லாதீர்கள் என்று மூச்சுவிடாமல் சொன்னேன்.

மிலோய்கா என் பேச்சின் பாதியிலேயே எழுந்துவிட்டார். ஸோர்கோவின் வண்டிக்குப் போய்ச் சாவியைப் போட்டார். இடப்பக்கம் திருப்பினார். இன்னும் திருப்பினார். கடைசிவரை. சாவியை உருவினார்.

சீட்டுக்கு அடியில் 'டிக்' என்றது. பின்விளக்கு சுவரில் சிவப்பாக விழுந்தது. முன்னால் பெட்டி கண் விழித்து, எங்கே போக வேண்டும் என்று கேட்டது.

அவர் ஒரு பீர்ப் பெட்டியைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்தார். சாவி கையிலேயே இருந்தது.

"பின்விளக்கு எரிஞ்சா வண்டி ஓடுதுன்னு யாரு சொன்னது?" என்றார் கடைசியில்.

சாவியை உள்ளங்கையில் ஒருமுறை புரட்டினார்.

"நான்தான் சொன்னேன். இருபது வருஷமா அந்த மதில்கிட்ட நின்னு இதைப் பாத்துக்கிட்டிருக்கேன். எல்லாவனும் சாவியைக் கையில வெச்சுக்கிட்டு நிக்கிறான், வெளக்கு எரியுது. கண்ணால பாத்தேன். இவனுங்க இதுவரைக்கும் பெட்டி வெச்சுக்கல, அதனால தப்பிச்சேன். வெளியூர்க்காரன் எவனும் மந்திரிக்க வர்றதில்ல."

பிறகு நிமிர்ந்து என்னைப் பார்த்தார். பழைய பார்வை திரும்பியிருந்தது.

"இது உனக்கும் எனக்கும் தெரியும். வேற யாருக்கு?"

"யாருக்கும் தெரியாதுங்க."

"கிளை ஒயரைப் பின்விளக்குலேர்ந்து கழட்டி, ஹாரனுக்குப் போறதுல மாட்டிட்டா போதும். ஹாரனுக்குச் சாவி போட்டாதான் கரண்டு. வண்டிக்குப் பத்து நிமிஷம். பரிசோதனைன்னு சொல்லிக்கிட்டு எட்டையும் மாத்திடலாம். அப்புறம் அடுத்த வருஷம் எல்லாம் சரியா ஓடும். சில்வன்தான் ஏதோ பண்ணினான்னு ஊரு நினைச்சுக்கும்."

"நான் சொல்ல மாட்டேன்."

"ஏன் சொல்ல மாட்டே? உனக்கென்ன லாபம்?"

"இதைச் சொன்னா என் விளக்கு விஷயமும் வெளிய வரும்."

அதைக் கேட்டுத் தலையசைத்தார். கருணையால் சொல்லமாட்டேன் என்றிருந்தால் அவர் நம்பியிருக்கமாட்டார். சரி, போ என்றார். அன்று இரவு எனக்குத் தூக்கம் இல்லை. அவர் என்ன செய்வார் என்று தெரியவில்லை. என்ன செய்ய வேண்டும் என்று நான் விரும்பினேன் என்பதும் தெரியவில்லை.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் விடுதி முற்றத்தில் கழகம் மொத்தமும் இருந்தது. சில்வனும் வந்திருந்தான், கைகளைக் கட்டிக்கொண்டு. மிலோய்கா ஸோர்கோவின் வண்டியைத் தள்ளிக்கொண்டு வந்து நடுவில் நிறுத்தினார். முன்னுரை ஒன்றும் இல்லை. சாவியைக் கடைசிவரை திருப்பி உருவி, மந்திரிப்பு அன்று பிடிப்பதுபோல் உயர்த்திப் பிடித்தார். பெட்டி எரிந்தது.

"பாத்துக்குங்க. யாரும் கை வைக்கல. சில்வனும் இல்ல, வேற எவனும் இல்ல. ஒயரைத் தப்பான இடத்துல பிரிச்சது நான். உன்மேல சொன்னது தப்பு, சில்வன்."

சில்வன் கட்டியிருந்த கைகளை அவிழ்த்தான்.

"இதை எழுதிக் குடுத்தீங்கன்னா சட்டம் போட்டு சுவத்துல மாட்டிக்குவேன், அத்தை."

"எழுதித் தர மாட்டேன். அதை வெச்சு நீ என்ன பண்ணுவியோ."

அப்போது ஒரு சிரிப்பு கிளம்பியது. ஸோர்கோ சிரிக்கவில்லை. "அப்ப பால்காரன் வண்டி?"

மிலோய்கா என்னைப் பார்த்தார், மறுபடி வண்டியைப் பார்த்தார். "அதை நீ அவன்கிட்ட கேட்டுக்க. என் ஒயருக்கும் அதுக்கும் சம்பந்தமில்ல."

நான் விளக்குப் போடவில்லை என்றேன். ஏன் என்று கேட்டார். எனக்கு உரிமை இருக்கிறதா என்று தெரியவில்லை என்றேன். ஸோர்கோ தன் மீசையை இரண்டு பக்கமும் தடவினார்.

"தாரியு இருட்டுக்குப் பயப்படுவான். சின்ன வயசுலேர்ந்து. ஒரு வெளக்கு கூடுதலா இருந்தா அவன் எதுக்கு வேண்டாம்னு சொல்லப் போறான்?" என்றார்.

எட்டு வண்டிகளில் மூன்று சில்வனிடம் போய்விட்டன. அதில் ஒருவர் இன்றுவரை மிலோய்காவைத் தெருவில் பார்த்தால் எதிர்ப்பக்கம் போகிறார். ஐந்து வண்டிகள் திரும்பி வந்தன. சனிக்கிழமை முதலில் வந்தது ஸோர்கோ. நானும் அங்கே இருந்தேன். என் வண்டியிலும் ஒயர் மாற்ற வேண்டியிருந்தது.

"ஒண்ணு கேக்குறேன். ஒருத்தனுக்கும் தெரிஞ்சிருக்காதே. ஏன் சொன்னே?" என்றார் ஸோர்கோ.

மிலோய்கா தலையைத் தூக்காமல் என் பக்கம் தாடையை நீட்டினார். "இவன் மூஞ்சியைப் பாரு. இதுல ஒரு ரகசியம் ரெண்டு நாள் தங்குமா? இவன் உளறி ஊர் சிரிக்கிறதுக்கு முன்னாடி நானே சொல்லிட்டேன்."

அது மட்டும்தான் காரணமா என்று நான் கேட்கவில்லை. கேட்டால் அதிலும் எனக்கென்ன லாபம் என்று தேடியிருப்பார்.

வேலை முடிந்ததும் ஸோர்கோ சாவிக்குக் கை நீட்டி, எல்லாம் சரிதானே என்றார். சரிதான் என்று மிலோய்கா சொல்லவில்லை. சாவியை அவர் உள்ளங்கையில் வைத்து அழுத்தினார்.

"நான் சொல்றதை நம்பாதே. நீயே திருப்பிப் பாரு. ஒவ்வொரு நிலையா. கடைசிவரை."

ஸோர்கோ வண்டிமேல் உட்கார்ந்து முதல் நிலைக்குத் திருப்பினார்.